மறைவிடமா, மருத்துவமனையா?

குர்பானிக்கு ஆடு வாங்கச் செல்லும் நம்மவர்களைக் கவனித்துப் பாருங்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். காது அறுபட்டிருக்கிறதா, கண் பழுதா, கால் நொண்டுகிறதா என்று நான்கு பக்கமும் சுற்றி வருவார்கள். மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போதோ ஏழு தெருவில் விசாரணை நடக்கும். இப்படி எதையும் துருவித் துருவிக் கேட்கும் நம் சமுதாயத்துப் பெற்றோர், குடியிலோ மாத்திரையிலோ வீழ்ந்துவிட்ட மகனை ஒரு மீட்பு மையத்தில் சேர்க்கும் நாள் வரும்போது மட்டும் ஒரே ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். "வெளியே தெரியாமல் இருக்குமா?" என்பதே அந்தக் கேள்வி.

இந்தக் கேள்வியை அளவுகோலாகக் கொண்டு இடம் தேர்ந்தெடுக்கும் குடும்பம் தன் பிள்ளையை மருத்துவரிடம் ஒப்படைக்கவில்லை, மறைப்பவனிடம் ஒப்படைக்கிறது. நாம் கூற வந்தது இதுதான். கேட்கக் கசப்பாக இருக்கலாம். கசப்பான இந்தப் பாடத்தைப் பிறருக்கு ஓதிக்கொடுக்கும் தகுதி நமக்கு எப்படி வந்தது என்பதைப் பின்னர் கூறுவோம். அது பெருமைப்படத்தக்க வரலாறு அன்று.

நாம் வாழும் வாலாஜாபாத், ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். பாலாற்றின் கரையில், கும்பினியாரின் படைமுகாம் ஒரு காலத்தில் இருந்த இடம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நாம் இங்கு மத்ரஸாவில் ஓதிக்கொடுக்க வந்தபோது, விடியற்காலையில் ஐயம்பேட்டைப் பக்கத்துத் தறியோசையும் செங்கற்பட்டு ரயிலின் ஊதலும்தான் கேட்கும். இன்று சுபுஹுக்கு எழுந்து வருவோர் முதலில் பார்ப்பது கம்பெனி பஸ்களின் வரிசையை. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. வண்டலூர்ச் சாலை அகன்றது. ஆலைகளை நாம் பழிக்கவில்லை. ஆயிரமாயிரம் வீடுகளில் அடுப்பு எரிவது அவற்றால்தான். ஆனால் வாரம் ஒரு முறை மாறும் மூன்று ஷிப்டுகள், எப்போது முடியும் என்று தெரியாத கான்டிராக்ட் வேலை, இரவெல்லாம் நின்று உழைத்துவிட்டுப் பகலில் தூக்கம் வராமல் புரளும் உடல், இவை மூன்றும் சேர்ந்து இளைஞனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன என்பதை எந்தப் பேருரையிலும் எவரும் கூறுவதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வருபவன் தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்குகிறான். பிறகு கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறான்.

கடையைத் தேடி அவன் அலைய வேண்டியதும் இல்லை. 1983இல் நிறுவப்பட்ட டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. 2023-24ஆம் நிதியாண்டில் மட்டும் அரசுக்கு இதனால் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அரசைக் குறை கூறும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அவற்றை எழுதுவோர் எழுதட்டும். நாம் இன்று குறை கூற எடுத்துக்கொண்டிருப்பது நம்மை.

"முஸ்லிம் வீட்டில் இந்தப் பேச்சு எதற்கு? குடி நம்மிடம் இல்லையே" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹராம் என்று மார்க்கம் விலக்கியதால் நம் தெருவில் அது இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வட்டியும் ஹராம்தான், அது நம் தெருவில் இல்லையா? ஹராம் என்ற அறிவு பலரைக் காப்பாற்றியிருக்கிறது, ஐயமில்லை. ஆனால் தவறி விழுந்தவனை அதே அறிவு இருட்டில் தள்ளுகிறது. பிறர் வீட்டுக் குடிகாரன் தெருவில் விழுகிறான், அண்டை அயலார் தூக்கிவிடுகிறார்கள். நம் வீட்டுக் குடிகாரன் பூட்டிய அறைக்குள் விழுகிறான். மேலும் இப்போது வருவது மது மட்டும் அன்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உதட்டுக்குள் கூல் லிப் இருக்கிறது. வலி நிவாரணத்துக்கென மருத்துவர் எழுதித் தரவேண்டிய டாபென்டடால் மாத்திரை கரைக்கப்பட்டு ஊசியில் ஏறுகிறது. வாயில் வாடை வராததால், தாய்மார்கள் அதை நெடுநாள் அறிவதே இல்லை.

மார்க்கம் இந்த நோயாளியைப் பற்றி என்ன நிலை எடுத்தது என்பதை நாம் ஓதியவர்கள், மறந்தவர்கள்போல நடந்துகொள்கிறோம். மதுவிலக்கு ஒரே நாளில் இறங்கவில்லை. அல்பகரா அத்தியாயத்தில் அதன் தீமை பயனைவிடப் பெரிது என்று உணர்த்தப்பட்டது. அந்நிஸா அத்தியாயத்தில் போதையோடு தொழுகையை நெருங்குவது தடுக்கப்பட்டது. அல்மாயிதாவில்தான் முற்றிலும் விலக்கப்பட்டது. பழகிப்போன உடலையும் ஊரையும் படிப்படியாக விடுவித்த முறை இது. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் தாரிக் பின் ஸுவைத் (ரலி) அவர்கள் மருந்துக்காக மது தயாரிப்பது பற்றிக் கேட்டபோது, அது மருந்தன்று, நோய் என்னும் கருத்தில் பெருமானார் விடையளித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அங்கே பேசப்படுவது மதுவின் தன்மையே, குடிப்பவனின் நிலை அன்று என்பதை அரபி அறிந்தோர் சுட்டிக்காட்டுவர், சரிதான். ஆயினும் நோய் என்ற சொல் அங்கே வந்துவிட்டது. நோயைச் சுமப்பவனை வேறு எந்தப் பெயரால் அழைப்பது?

ஸஹீஹ் புகாரியில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. அப்துல்லாஹ் என்ற ஒருவர்; 'கழுதை' என்பது அவருடைய பட்டப்பெயர். பெருமானாரைச் சிரிக்கவைப்பவர். குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டவர். அப்படி ஒரு முறை தண்டனை பெற்றபோது, கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். அண்ணலார் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். தண்டனை நிறுத்தப்படவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப விழுந்த ஒரு மனிதர் அந்தச் சபையில்தான் இருந்தார். ஊருக்கு வெளியே மதில் கட்டி அவரை எவரும் ஒளிக்கவில்லை. ஒரு முறை திருந்தி மறுமுறை சறுக்கினான் என்பதற்காக மகனைக் கைகழுவும் தந்தையர் இந்த நிகழ்ச்சியை மீண்டும் ஒரு முறை படிக்கட்டும்.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர். குரல் இனிமையானது; சிறுவயதிலேயே யாஸீன் அத்தியாயத்தை மனனம் செய்தவர். ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் கான்டிராக்டில் சேர்ந்தார். நாம் மேலே சொன்ன வழியிலேயே, முதலில் தூக்கத்துக்காகவும் பின் நடுக்கத்துக்காகவும், குடிக்கு அடிமையானார். ஒருநாள் இஷாவுக்குப் பின் அவருடைய அத்தாவும் அம்மாவும் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். "ஹஜ்ரத், தங்கச்சிக்குப் பேச்சு நடக்குது. இது வெளியே தெரியாம முடியணும்" என்றார் அந்தத் தாய். நம்மிடம் ஒருவர் கொடுத்துவைத்திருந்த முகவரிச் சீட்டு இருந்தது. ஊருக்கு வெகுதூரத்தில் தோட்டத்து வீடு, உயர்ந்த மதில், மூன்று மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது என்பது விதி. அந்த விதியைக் கேட்டு நாமும் அந்தப் பெற்றோரும் திருப்தி அடைந்தோம் என்பதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. மருத்துவர் உண்டா என்று நாம் கேட்கவில்லை. நேரில் போய்ப் பார்க்கவும் இல்லை.

தஹஜ்ஜுத் வேளையில் ஒரு வேன் வந்தது. நான்கு ஆட்கள் இறங்கி, உறங்கிக்கொண்டிருந்தவரை வாயைப் பொத்தித் தூக்கிச் சென்றார்கள். இரண்டாம் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. நடிப்பு என்று கட்டிவைத்தார்கள். பிறகு சோர்ந்துபோனவருக்கு, மருத்துவம் படிக்காத ஒருவர் குளுக்கோஸ் ஏற்றினார். ஒன்பதாம் நாள்தான் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது உயிர் தங்கியது, நினைவு தங்கவில்லை. இன்று அவர் நம் மத்ரஸா வாசலில் வந்து உட்காருகிறார். யாஸீனை ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதுகிறார். காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டால் அவருக்குத் தெரிவதில்லை. அவருடைய அத்தா இரண்டாண்டுகளுக்கு முன் மௌத்தாகிவிட்டார். மகன் அவரைத் தேடுகிறார். சொல்கிறார்கள். முதன்முறை கேட்பவர்போல அழுகிறார். மறுநாள் மீண்டும் தேடுகிறார்.

இது விதியா? விதிதான். ஆனால் அந்த விதிக்கு மருத்துவ நூலில் காரணம் எழுதியிருக்கிறது. பின்னர் மருத்துவர் ஒருவர் நமக்குப் பொறுமையாக விளக்கினார். பல ஆண்டு குடித்த உடல், மதுவின் அழுத்தத்துக்கு எதிராகத் தன் நரம்புகளை முறுக்கேற்றியே வைத்திருக்கிறது. மதுவைத் திடீரென்று நிறுத்தினால் முறுக்கு மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் மனப்பிதற்றல், காய்ச்சல், இல்லாததைக் காணுதல் என்ற கடும்நிலை வரலாம். கவனிக்காவிட்டால் அது உயிரைக் கொல்லும். இதைத் தடுக்க, படிப்படியாகக் குறைக்கப்படும் அமைதி மருந்துகள் உள்ளன. அத்துடன், நெடுங்காலம் குடித்தவர் உடலில் தயமின் எனும் பி1 சத்து வற்றிப்போயிருக்கும். முதலில் அதை ஊசி வழியே ஏற்றாமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருந்த சத்தும் தீர்ந்து மூளையின் நினைவுப் பகுதி கருகிவிடலாம். பழைய நினைவு நிற்கும், புதியது எதுவும் பதியாது. யாஸீன் நின்றதும் தந்தையின் மரணம் நிற்காததும் இதனால்தான். தயமின் ஊசி விலையுயர்ந்த பொருளன்று. அதைப் போடவேண்டும் என்று அறிந்த ஒருவர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே பெற்றோரே, இடம் பார்க்கப் போகும்போது முதலில் கேட்கவேண்டியது மதிலின் உயரத்தை அன்று. முதல் ஏழு நாள் இரவில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். மனநல மருத்துவர் யார், அவர் எந்த நாளில் வருவார், பதிவு பெற்ற செவிலியர் இரவில் உண்டா, நள்ளிரவில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு எத்தனை நிமிடத்தில் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். "இங்கே மருந்தே கிடையாது, மனக்கட்டுப்பாட்டாலேயே மாற்றுகிறோம்" என்று ஒருவர் பெருமை பேசினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அடுத்து, பதிவுச் சான்றிதழ். 2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனக்கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆதலால் இத்தகையோரைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றாக வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. "டிரஸ்ட் பதிவு இருக்கிறது" என்று ஒரு காகிதத்தைக் காட்டுவார்கள். அது வேறு, இது வேறு. அந்தச் சட்டத்தில் இன்னும் சில செய்திகள் உண்டு. நம் இல்லங்களில் யாரும் வாசிக்காதவை. நோயாளி தானே விரும்பிச் சேரலாம், தானே விடுபடவும் கேட்கலாம். அவர் சம்மதிக்கும் நிலையில் இல்லாதபோது, அவருக்காக நியமிக்கப்பட்டவர் விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியே பரிசோதித்த பிறகே சேர்க்கலாம். அதுவும் முதல் தடவையில் 30 நாளுக்கு மேல் இல்லை. சங்கிலியிடுவது எந்த வடிவிலும் கூடாது. தலையைக் கட்டாயமாக மழிக்கக்கூடாது. சீருடை அணியச் சொல்லி வற்புறுத்தக்கூடாது. தொலைபேசியில் பேசவும், பார்க்க வருவோரைச் சந்திக்கவும் அவருக்கு உரிமை உண்டு. வேலை வாங்கினால் கூலி தரவேண்டும். இப்போது எண்ணிப் பாருங்கள்: நள்ளிரவு வேன், மூன்று மாதத் தடை, மொட்டைத் தலை, தோட்ட வேலை. எதைக் கண்டிப்பு என்று நினைத்து நாம் மெச்சினோமோ அது சட்டத்தின் கண்ணில் குற்றம்.

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலை, தர்காவை ஒட்டி நடந்துவந்த தனியார் மனநோயாளிகள் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தனர். அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான். அதன்பின் அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. ஏர்வாடியைக் காட்டி தர்காவுக்குச் செல்வோரை ஏளனம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மாணவர் கிடந்த தோட்டத்து வீட்டில் தர்கா இல்லை, தாயத்து இல்லை, கந்தூரி இல்லை. கட்டிவைக்கும் கயிறு மட்டும் இருந்தது. 2022இல் சென்னை இராயப்பேட்டையில் தனியார் மீட்பு மையம் ஒன்றில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டாரே, அது தலைநகரின் நடுவில் நடந்தது. பூட்டும் கயிறும் இருந்து மருத்துவர் இல்லாவிட்டால், வாசலில் எந்தப் பலகை தொங்கினாலும் விளைவு ஒன்றுதான்.

அப்பாஸியர் காலத்து பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேட வேண்டியிருந்தபோது, அபூபக்ர் அர்ராஸீ நகரின் பல மூலைகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அது மெதுவாகக் கெடுகிறதோ அந்த இடத்தைத் தேர்ந்தார் என்று ஒரு கதை கூறுவார்கள். அந்தக் கதை அளுதீ மருத்துவமனையோடு இணைத்துச் சொல்லப்படுவது. ஆண்டுக் கணக்குப் பார்த்தால் பொருந்தாது. அர்ராஸீ மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்புதான் அந்த மருத்துவமனை எழுந்தது. இருந்தாலும் கதையை நாம் விரும்புகிறோம். இடத்தைத் தேடியவர் நோயாளியின் மூச்சை நினைத்துத் தேடினார் என்பதை அது சொல்கிறது. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மன்ஸூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. வக்ஃபுச் சொத்தின் வருமானத்தில் அது நடந்தது. இதையெல்லாம் மேடையில் முழங்குவதில் நமக்கு நிகர் நாமே. முழங்கிவிட்டு இறங்கி வந்து, பிள்ளையை நள்ளிரவு வேனில் ஏற்றுகிறோம்.

செலவைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. மாதம் பல ஆயிரம் வாங்குகிறவனே நல்ல சிகிச்சை தருவான் என்று எண்ணி நகையை அடகு வைக்கிறார்கள். கீழ்ப்பாக்கத்தில் 1794இல் தோன்றிய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே போதை நோய்க்கும் சிகிச்சை உண்டு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பாடம் சொல்லும் முறைக்கு வழிகாட்டியாக நின்றது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416 உண்டு. இந்த எண்களை அழைக்கப் பெயரோ தெருவோ சொல்லவேண்டியதில்லை. மானத்தைக் காக்க விரும்புவோர் இந்த வழியிலும் காக்கலாமே!

எல்லோரையும் தங்கவைத்துத்தான் குணப்படுத்த வேண்டும் என்பதும் இல்லை. வலிப்பு வரலாறோ, கடுமையான நடுக்கமோ, வேறு பெருநோயோ இல்லாத பலர், வாரந்தோறும் மருத்துவரிடம் சென்றுவந்தே மீள்கிறார்கள், வேலையும் போவதில்லை. ஆகவே பார்த்தவுடன், நோயாளியைக் காணாமலேயே, தொலைபேசியில் "தொண்ணூறு நாள் பேக்கேஜ்" என்று விலை சொல்பவன் மருத்துவன் அல்லன், வணிகன். உத்தரவாதம் தருபவனும் அப்படியே. சர்க்கரை நோய்க்கு ஆயுள் உத்தரவாதம் தரும் வைத்தியரை நம்புவீர்களா? இந்த நோயும் திரும்பி வரக்கூடியது. ஆதலால் வெளியே வந்த பின் ஓராண்டாவது யார் பார்ப்பார், எத்தனை நாளுக்கு ஒரு முறை வரவேண்டும் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே கேட்க வேண்டும். மாத்திரை, ஊசி வழக்கம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றை அறிந்திருக்க வேண்டும். சில வாரம் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்தவன் ஒரு நாள் சறுக்கிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். பூட்டிவைத்துவிட்டு, பின்பு கவனிக்காமல் திறந்துவிடும் இடங்கள் இவ்வாறும் கொல்கின்றன.

பேருந்தின் பின்புறத்தில் விளம்பரம் செய்யும் பொடிகளைப் பற்றி எழுதவே நாணமாக இருக்கிறது. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்கிறார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவனுக்கே வெளிச்சம். டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதை உட்கொண்டவர் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வந்து இரத்த அழுத்தம் இறங்கிவிடும். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்தால் அது உதவும். தெரியாமல் குழம்பில் கலந்தால், அன்று மாலை வழக்கம்போல் குடிக்கும் கணவனின் இதயம் நிற்கலாம். மனைவிமார்கள் செய்யும் இந்தத் தவறுக்கு நாம் அவர்களைக் குற்றம் சொல்லமாட்டோம். "வெளியே சொல்லாதே" என்று மாமியார் வாயை அடைத்த பிறகு, சமையலறையைத் தவிர அவர்களுக்கு வேறு இடம் எங்கே இருந்தது?

"கல்யாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான்" என்று இன்னொரு சிகிச்சை நம்மிடையே நடக்கிறது. ஒரு பெண்ணை மருந்தாக அரைத்துக் கொடுக்கும் இந்த முறைக்கு எந்த யூனானி நூலிலும் இடம் இல்லை.

"தவ்பா போதும், மருத்துவம் எதற்கு?" என்று நம்மைப் போன்ற ஆலிம்களே சிலர் கேட்கிறார்கள். தவ்பா உள்ளத்தின் திரும்புதல். அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் கால் முறிந்தவரிடம் நாம் தவ்பாவையும் சொல்கிறோம், மாவுக்கட்டும் போடச் சொல்கிறோம். எந்த நோயையும் அதற்குரிய மருந்தின்றி இறைவன் இறக்கவில்லை என்ற நபிமொழியின் கருத்தை ஜும்ஆவில் ஓதிவிட்டு, இந்த ஒரு நோயை மட்டும் அதிலிருந்து நீக்கும் அதிகாரம் நமக்கு யார் கொடுத்தது? நல்ல மையத்தில் தொழுவதற்கு இடம் கேளுங்கள், நோன்புக் காலத்தில் மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் தொழுகை அறை இருக்கிறது என்ற ஒன்றையே பார்த்து, மருத்துவர் அறை இல்லாத இடத்தில் விட்டுவராதீர்கள்.

தில்லியின் அகில இந்திய மருத்துவக் கழகத்தார் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகவும், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே என்றும் கூறியது. நம் மஹல்லாவில் அந்தக் கணக்கு எப்படி இருக்கும்? மற்றவர்களைவிடக் குறைவாகக் குடித்து, மற்றவர்களைவிட அதிகமாக மறைக்கும் சமுதாயம் நாம்.

சென்ற மாதம் ஜமாஅத் கூட்டத்தில் நாம் ஒரு கோரிக்கை வைத்தோம். பைத்துல்மாலிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, இந்த நோய்க்கு அரசு மருத்துவமனைக்குச் சென்றுவருவோரின் பஸ் கட்டணமும், மருந்துச் செலவும், வேலையிழந்த நாள்களுக்கு வீட்டு அரிசியும் கொடுக்கவேண்டும். கமிட்டியில் இருவர் ஏதாவது ஒரு மையத்தை நேரில் பார்த்து, சான்றிதழைப் பார்த்து, அங்கே இருப்பவர்களோடு தனியே பேசிவிட்டு வரவேண்டும். முத்தவல்லி நல்லவர். நெடுநேரம் யோசித்துவிட்டு, "கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது, ஹஜ்ரத்? தணிக்கையில் படிப்பார்களே, பெயர் வெளியே தெரிந்துவிடுமே" என்றார். சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு மாதாமாதம் கொடுக்கிறோமே, அதை எந்தத் தலைப்பில் எழுதுகிறீர்கள் என்று கேட்டோம். "மருத்துவ உதவி" என்றார். அதே தலைப்பில் எழுதுங்கள் என்றோம். அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்.